சுட மறுத்த படைத்தலைவருக்கு

பங்காளி,

இன்று காலை அரண்மனைப் பக்கம் போக நேர்ந்தது. நவராத்திரி ஊர்வலத்துக்காக, பித்தளைப் பூண் போட்ட பழைய வேல்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி பட்டதும் நீங்கள் முகம் சுளிப்பது கண்முன்னால் வந்தது. கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார். "பழைய ஹவில்தாரு, சரிகைத் தலைப்பாக் கட்டிக்கிட்டு முன்னால நடந்து வாங்க. ஜமீனுக்குக் கௌரவமா இருக்கும்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். நீங்கள் போன துக்கம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இன்று துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

பஸ்ரா யுத்தம் முடிந்து ஒரே கப்பலில் திரும்பியவர்கள் நாம். நான் நேமத்தான்பட்டியில் ஏர் பிடித்தேன். உங்களை ஜமீன்தார் கூப்பிட்டுத் தன் காவல் படைக்குத் தலைவராக்கினார். செட்டிமார்கள் பர்மாவில் இருக்க, பூட்டிக் கிடந்த வீடுகளைக் கொள்ளைக்காரர்கள் குறி வைத்த சமயம் அது. ஒரே வாரத்தில் என் வயலுக்கு வந்து நின்றீர்கள்.

"படைங்குறாக, பங்காளி. பாதிப் பேருக்கு ஓடத் தெரியல. பூராப் பேருக்கும் வேல் துலக்கத் தெரியுது. வாரீகளா?"

வந்தேன். சரிகைத் தலைப்பாகைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினீர்கள். காக்கித் துணியும் பூட்ஸும் வந்தன. மதுரைக்குப் போய்ச் சைக்கிள்கள் வாங்கினோம். பரம்பரைக் காவல்காரர்கள், "எங்க பாட்டன் தூக்குன வேலு இது" என்று முறைத்தார்கள். "வேலைச் சாமியா வச்சுக் கும்பிடுங்க. காவலுக்குத் தூக்காதீக" என்றீர்கள். கையில் துப்பாக்கியைக் கொடுத்தீர்கள்.

அதுவரை ஜமீன் மேனேஜர் பொறுத்துக்கொண்டார். சாதிக்கொரு அடுப்பு எரிந்த இடத்தில் ஒரே உலை ஏற்றினீர்களே, அங்கேதான் வெடித்தது. "படையைப் புதுசாக்கச் சொன்னா ஊரையே புதுசாக்கப் பாக்குறீரே" என்று கத்தினார். "பக்கத்துல உக்காந்து சோறு திங்காதவன், பக்கத்துல நின்னு எப்படிங்க உசுரக் குடுப்பான்?" என்று கேட்டீர்கள். கொஞ்சப் பேர் விலகிப் போனார்கள். நீங்கள் யாரையும் கெஞ்சவில்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கொள்ளையர் புகுந்தபோது, ஊருக்கு ஊர் நிறுத்தியிருந்த ஆட்களின் விசில் சத்தம் காற்றாய் வந்து சேர்ந்தது. சைக்கிளில் விரைந்து போய் ஆறு பேரை உயிரோடு பிடித்தோம். ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. போனவர்களில் சிலர் தாங்களாகவே திரும்பி வந்து, அதே உலைச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்.

பிறகு மழை பொய்த்த அந்த வருஷம். ஜமீன்தார் சென்னையில் இருந்தார். மேனேஜர் கண்மாய் மடையை அடைத்து, தண்ணீரைப் பண்ணை வயலுக்கு மட்டும் திருப்பினார். குடியானவர்கள் மடையைத் திறந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்களும் இருந்தார்கள். நாம் கரையில் அணிவகுத்து நின்றோம்.

"கலையலைன்னா சுடுங்க" என்றார் மேனேஜர்.

நீங்கள் அசையவில்லை. பஸ்ராவில் பீரங்கிச் சத்தத்தில் உங்களுக்கு இடது காது போயிருந்தது அவருக்குத் தெரியும். வலது பக்கம் வந்து இன்னும் உரக்கச் சொன்னார்.

"மொதத் தடவையே கேட்டுச்சுங்க. சுட மாட்டோம்."

"அப்புறம் எதுக்குய்யா துப்பாக்கி வாங்கிக் குடுத்தோம்?"

"திருடனைப் பிடிக்க. இங்குட்டு உக்காந்திருக்கவுக தண்ணி கேக்க வந்தவுக."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஹவில்தார், இனிமே நீர்தான் தலைவர். உத்தரவு குடும்."

குடுத்தேன். துப்பாக்கியைக் கீழே வை என்று குடுத்தேன். அத்தனை பேரும் ஒரே வீச்சில் குனிந்து வைத்து நிமிர்ந்தார்கள். நம் கவாத்து அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. நீங்கள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தீர்கள். மேனேஜர் வண்டியேறிப் போனார். அந்தப் போகம் குடியானவர்கள் வயலிலும் கதிர் நின்றது.

ஜமீன்தார் திரும்பி வந்ததும் நம் இருவரையும் விலக்கினார். சைக்கிள்கள் கொட்டகையில் துருப்பிடித்தன. நீங்கள் காரைக்குடியில் சைக்கிள் கடை போட்டு, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தீர்கள். வருத்தமா என்று ஒருநாள் கேட்டேன்.

"படையைப் புதுசாக்கத்தான கூப்பிட்டாக? ஆக்கிட்டேன். அவுகளுக்குத்தான் அடையாளம் தெரியல" என்று சொல்லிவிட்டு, டயரைக் கழற்றப் போனீர்கள்.

படைத்தலைவர் தோற்றுப் போனார் என்று ஊரில் இன்றும் சிலர் பேசுகிறார்கள். என் காதுபடப் பேசினால் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். யார் வந்து என்னை நட என்றாலும், யாரை எதிர்த்து என்று கேட்டுவிட்டுத்தான் அடியெடுத்து வைக்கிறேன். சொந்தக்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். திமிராகவே இருக்கட்டும், பங்காளி. நான் சாகிறவரைக்கும் அது என்னிடம் இருக்கும்.