நாலு குழாய்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

"ஆய்வகத்துல என்னதான் கிழிக்கிற?" என்று கேட்டாயே. டி.என்.ஏ. இழைகளால் ஒரு மின்சுற்றின் வேலையைச் செய்ய வைக்கிறேன், மின்சாரமே இல்லாமல். உப்புத் தண்ணீரில் இழைகள் தாமாகவே ஜோடி தேடிச் சேர்ந்துகொள்ளும். எது எதோடு சேரவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது நான். சேதி சொல்ல நான் போடும் இரண்டு இழைகளும் வந்தால்தான் குழாய் ஒளிரவேண்டும் என்பது கட்டளை. நாலு குழாய்: சேதியே போடாதது, முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும். கடைசிக் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது அண்ணா! உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் சேதி எதுவும் போடாத முதல் குழாயும் மங்கலாக ஒளிர்கிறது, கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி. "கூட்டத்துல காட்டற படத்துல அதை வெட்டிடும்மா, யாரு கேக்கப்போறா?" என்கிறார் ஆய்வகத் தலைவர். வெட்டாவிட்டால் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி.

என்ன செய்யட்டும்?

உன் வாயாடி

மார்ச் 11

அடியே வாயாடி,

"என் தங்கச்சி தண்ணிக்கு யோசிக்கச் சொல்லிக் குடுத்திருக்கா"ன்னு பஸ் டிப்போ முழுக்கத் தண்டோரா போட்டாச்சு. மெக்கானிக், "அப்ப உனக்கும் ரெண்டு சொட்டு வாங்கிக் குடி"ங்கிறான். அறிவிப்புப் பலகையில உன் குழாய்ப் படத்துக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்.

பிரேக் பிடிக்காத பஸ்ஸை 'நல்ல நிலை'ன்னு கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொல்றவங்க இங்கேயும் உண்டு. எடுக்க மாட்டேன். நாளெல்லாம் வெயில்ல நிக்க வைப்பாங்க. நிப்பேன். அவங்களா அதுல ஏறப்போறாங்க?

வெட்டாதே. துரத்தினா வா. 'பொய் சொல்லாததால வேலை போச்சு'ன்னு பலகையில நானே எழுதி ஒட்டறேன்.

அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

வெட்டவில்லை. கூட்டத்தில் நாலு குழாயையும் காட்டினேன். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. நல்லதாயிற்று, வேலை ஓடியது.

முதல் குழாய் ஒளிர்ந்ததில் தப்பு என்னுடையதுதான். இழைக் கலவையைச் சுடவைத்து, அவசரத்தில் சட்டென்று குளிர வைத்திருக்கிறேன். பாதி இழைகள் தப்பான ஜோடியோடு ஒட்டிக்கொண்டன. இந்தமுறை மெல்லக் குளிரவிட்டு, சேராமல் திரிந்ததை வடித்தெடுத்தேன். முதல் குழாய் கும்மிருட்டு!

தலைவர் வந்து பார்த்தார். "இருந்துடேன்" என்றார். பெட்டி கட்டியாச்சு என்றேன். வேறு ஆய்வகம் இல்லாமலா போகும்?

வெள்ளிக்கிழமை வருகிறேன். படம் இத்துடன் இருக்கிறது. பார்க்க அழகாயிருக்கிறதென்று பச்சையை மட்டும் கத்தரித்து ஒட்டிவிடாதே. நாலையும் ஒட்டு. இருட்டாயிருக்கிற மூன்றும் நான் செய்ததுதான்.

உன் தங்கை