கோட்டுப் பையில் ஓர் உறை

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நம் லெம்விக் ஊரில் காற்று அடங்கியதா? நான் நலம்.

செவ்வாயன்று பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பேசினேன். பேசுபவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும்; அம்மாவின் ஆப்பிள் கேக்கைச் செய்தேன். குடல் புற்றுநோய்ச் சோதனைக்காக, மல மாதிரியை வைத்துத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லி வீட்டுக்கு அனுப்பும் உறைகளில் பத்துக்கு நான்கு திரும்பி வருவதில்லை என்று சொன்னேன். "அதெல்லாம் எங்கதாம்மா போகுது?" என்றார் பேராசிரியை போடில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியும், அப்பா. கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வந்தபோது "தபால்ல போட்டுடும்மா" என்று நீங்கள் கொடுத்த உறை என் கோட்டுப் பையிலேயே இருந்தது. போன வாரம்தான் கண்டெடுத்தேன். ஞாயிறன்று போனில், "பதிலே வரல, அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சந்தோஷப்பட்டீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

புது உறை கேட்டிருக்கிறேன், வீட்டுக்கே வரும். அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு முறை செய்யுங்கள். தபால் பெட்டிக்கு நீங்களே நடந்து போங்கள், என்னை நம்ப வேண்டாம். போட்டதும் போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன். மீந்த கேக்கை மூன்று நாளாகத் தனி ஒருத்தியாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்தைப் பையில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போகிறேன்.

உங்கள் மரேன்