சிர்க்கோன் மணலில் நான் எண்ணாத கோடுகள்

ஒற்றைக்கண்ணைச் சுருக்கிக்கொண்டே சிரிக்கும் என் மச்சாளுக்கு,

காலையில் துறைமுகத்தைப் பனிப்புகார் மூடியிருந்தது. கப்பல்களின் மேல்தட்டுகள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்தன. ஆய்வுகூட யன்னலைத் திறந்துவிட்டு உங்கள் கதிரையில் இருந்தேன். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகியும் அதில் உட்கார எனக்குக் கூச்சம்தான்.

நுணுக்குக்காட்டியின் கீழே புல்மோட்டைக் கடற்கரை மணலில் பொறுக்கிய சிர்க்கோன் கல், ஒரு பொடி. அதற்குள் எப்போதோ ஒரு யுரேனிய அணு தானாகவே இரண்டாகப் பிளந்து, துண்டுகள் எதிரெதிரே பாய்ந்த தடம் சின்னக் கோடாக நிற்கிறது. அப்போது இந்தக் கடல் இருந்ததா? கண்ணுக்குத் தெரிவதற்காக எரிகாரத்தில் ஊறவைத்துத் தடித்த கோடுகள் வெளிச்சத்தில் மெல்ல அசைவதுபோல இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அதற்குள் எங்கோ நடந்துபோகிறேன்.

கோடுகளை எண்ணி அளந்துதானே கல்லின் வயதைக் கணித்தோம். ஆளுக்காள் தனியே எண்ணி, கடதாசித் துண்டில் எழுதி மடித்து, தேத்தண்ணி நேரத்தில்தான் பிரிப்போம். "நான் கண்டதை நான் எழுதுறன், நீர் கண்டதை நீர் எழுதும்" என்பீர்கள்.

தொடக்கத்தில், கல்லை மினுக்கும்போது விழுந்த கீறல்களையும் தடமென்று எண்ணிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், கோபிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன்பிறகு நீங்கள் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்க எழும்பும்போதெல்லாம் உங்கள் துண்டைப் பிரித்துப் பார்த்து, ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து என்னுடையதை எழுதினேன். "எங்கட கண் ஒண்டுதான் மச்சாள்" என்று நீங்கள் பெருமைப்பட்டபோது நான் கோப்பைகளைக் கழுவ எழும்பிவிட்டேன். உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

இப்போது வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று எங்கள் எண்களைக் கேட்டிருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: இரண்டு பேரும் தனித்தனியே எண்ணினீர்களா?

உங்கள் தம்பி, "ஓம் எண்டு எழுதிவிடும். இனி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். உங்கள் பெயரும் அதில் இருக்கிறதே, மச்சாள். இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். உண்மையாக எண்ணியவர் நீங்கள் மட்டும்தான் என்றும் எழுதினேன்.

முதல் கல்லிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எண்ணப்போகிறேன். உங்கள் துண்டுகளை அலுமாரியில் பூட்டி, திறப்பை உங்கள் தம்பியிடம் கொடுத்தாயிற்று. என் எண் உங்களுடையதோடு ஒத்துவராமல் போகலாம். போனாலும் திருத்தமாட்டேன்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
வதனி