சம்பட மூடி

திருவாலங்காடு,
8-3-1973.

அன்புள்ள மச்சான் மணவாளன் அவர்களுக்கு, ஆதிநாராயணன் வணக்கம். இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. காண்ட்ராக்ட் வேலை என்று நீங்கள் கும்மிடிப்பூண்டி போனதிலிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே?

நவரை நெல் பால் பிடிக்கிற சமயம். ஏரி வற்றிப் பத்து நாள் ஆகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்கச் சங்கத்து ஆயில் இன்ஜின் இல்லை. முனுசாமி நேற்று தண்ணீர் கேட்டு அப்பாவு ரெட்டியார் வாசலில் போய் நின்றான். தண்ணீர் விடுகிறேன், ஆனால் நெல்லை என் களத்தில், நான் சொல்கிற விலைக்குத்தான் போடவேண்டும் என்றாராம். சங்கம் வருவதற்கு முன்பும் இதையேதான் சொன்னார். அப்போது வீடு வீடாகப் போனது நீங்கள். "ஒரு ஏக்கராக்காரன் தனியா போனா கும்புடணும். பத்தொம்போது பேரு சேந்துக்கினா எவனையும் கும்புட வேணாம்" என்றீர்கள். மூன்று போகம் எங்கள் நெல்லை நாங்களே வண்டி கட்டித் திருவள்ளூரில் விற்றோம். முனுசாமி யாரிடமும் கை நீட்டாமல் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தான்.

அவன்தான் டீக்கடையில், "இன்னா ஆதி, பொண்டாட்டியோட சேத்து மிஷினையும் பொதச்சிட்டியா?" என்று கேட்டான். மற்றவர்கள் அவனை அதட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

கலாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, "சங்கத்துக் காயிதம் மாப்ளே, ஒரு கையெழுத்து போட்டுடு" என்று என் மடியில் வைத்தீர்கள். படிக்காமல் போட்டேன். கிராங்க் உடைந்துவிட்டது, மெட்ராசில்தான் சரிசெய்ய வேண்டும் என்று சங்கத்து மெக்கானிக்கான நானே எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது, நீங்கள் இன்ஜினை வண்டியில் ஏற்றிப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போதும் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்டரிக்குப் பிட்டர் வேலை கேட்டு வந்தேன். பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற இடத்தில் கடைக்கால் பள்ளத்துத் தண்ணீரை ஒரு இன்ஜின் இறைத்துக் கொண்டிருந்தது. பார்ப்பதற்கு முன்பே சத்தம் தெரிந்துவிட்டது. டாங்கில் அந்தப் பித்தளை மூடி. பழைய மூடி தொலைந்தபோது, கல்யாணத்துக்கு நீங்கள் சீர் வைத்த பித்தளைச் சம்படத்தின் மூடியைக் கலா கொடுத்தாளே, அதேதான். "எங்க அண்ணன் சீரு இன்ஜினுக்குத் தொப்பியாச்சு" என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாருடையது என்று கேட்டேன். "மணவாளன் சாரு மிஷின்பா, வாடகைக்கு ஓடுது" என்றான் காவல்காரன்.

கறுப்புப் புகை விட்டது. ஆயில் அடியில் போயிருந்தது. கை தானாகப் போய் ஆயில் ஊற்றியது. மூடியையாவது எடுத்து வந்துவிடலாம் என்று பிடித்தேன். மண் பறக்கிற இடம், டாங்கில் தூசி விழுந்தால் இன்ஜின் கெட்டுவிடும். விட்டுவிட்டு வந்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், சங்கத்தைக் கலைக்கலாமா என்று பேசப்போகிறார்கள். அதற்குள் இன்ஜின் வராவிட்டால், படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான் என்று எழுந்து சொல்வேன். காகிதத்தை யார் நீட்டியது என்று கேட்பார்கள். எனக்குப் பொய் வராது, உங்களுக்குத் தெரியும்.

கலா இருந்தால் அண்ணனை இப்படிக் கேட்க விடமாட்டாள். கொண்டு வந்துவிடுங்கள் மச்சான். வண்டி குலுங்கும். வழியில் அந்த மூடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
ஆதிநாராயணன்