மூன்றாம் ஓலைக்கு முன்

செப்டெம்பர் 1, திங்கள்

கழுத்து வலி. காலையிலிருந்து பின்னேரம் வரை மாநகர சபை உறுப்பினர் வீரசிங்கம் கொண்டுவரும் பிரேரணையோடு மாரடித்தேன். மனிதர் தமிழர்தான். தமிழில் யோசித்து, சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார். சபையில் பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இதைவிடப் பெரிய வேடிக்கை எல்லாம் பார்த்தாயிற்று.

ஆனால் இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வைத்திருக்கும் கடைகளின் வியாபார உரிமத்தை ரத்துச் செய்ய வேண்டுமாம். கூடவே ஒரு துண்டுப்பிரசுரம். "தெரிந்தால் அறிவியுங்கள். உங்கள் பெயர் சொல்லத் தேவையில்லை." கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்தை அடிக்கும்போது இரண்டு தரம் பிழை விட்டேன். இலக்கத்தில் பிழை விடுகிறவள் இல்லை நான்.

கெலிஓயாவில் இல்ஹாம் நானாவின் தையல் கடையில், நான் கட்டப்போகிற டக்ளஸ் துணி வெட்டுகிறார். விசா ஒக்டோபர் 9 வரை இருக்கிறது. வேலை அனுமதி இல்லை.

செப்டெம்பர் 3, புதன்

வக்கீலிடம் போய் வந்தோம். வெளிநாட்டவரைக் கட்டுவதற்குக் கொழும்பிலிருந்து வர வேண்டிய அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. விசா முடிவதற்குள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டால் கணவர் என்று விசாவுக்கு எழுதலாமாம். "அதுக்கு முன்னாடி வேலை செய்யிற எடத்துல புடிபட்டா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. அனுப்பிருவாங்க. திரும்ப வர விடமாட்டாங்க" என்றார். ஒக்டோபர் 4, சனிக்கிழமை என்று நாள் வைத்திருக்கிறோம்.

பஸ்ஸில் வரும்போது வேலையை விடச் சொல்லி டக்ளசிடம் கெஞ்சினேன். "தீபாவளிக்கு நானா எத்தன ஓடர் எடுத்திருக்காரு தெரியுமா? நட்டாத்துல விட்டுட்டு வரச் சொல்றியா?" என்றார். இந்த நல்ல குணத்துக்காகத்தானே பிடித்தது. இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

இவருடைய அப்பா இங்கே தெல்தோட்டையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி என்று சொல்லிக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கோத்தகிரியில் பிறந்த மகனுக்கு, தோட்டத்தில் தன்னோடு விளையாடிய சிநேகிதனின் பெயரை வைத்திருக்கிறார். அங்கே இவரைச் சிலோன்காரன் என்கிறார்கள். இங்கே இந்தியாக்காரன். முப்பத்தொன்பது வயது மனிதரைப் படிவத்தில் எந்தப் பெட்டியில் அடையாளமிடுவது?

செப்டெம்பர் 7, ஞாயிறு

கோயிலில் பெயர் கொடுத்தோம். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும் என்றார் ஃபாதர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று பூசைக்கு வந்தவர்களுக்கு முன்னால் உரக்க வாசிப்பது. பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு நாளாவது அதற்குப் பயந்திருக்கிறேனா?

வாசிக்காமல் விட முடியாதா என்று கேட்டேன். "முடியும். ஆயருக்கு எழுதணும். காரணம் போடணும். என்ன காரணம் மகள்?" என்றார்.  சும்மாதான் கேட்டேன் ஃபாதர் என்று வழிந்தேன்.

வெளியே வந்தால் வாசலில் என் அண்ணன் ஷேன். கையில் அட்டை, அதில் மனு. வீரசிங்கத்தின் பிரேரணைக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்குகிறார்! பதினான்கு வருடம் டவுனில் அழகையா முதலாளியின் கடையில் வெட்டும் மேசையில் நின்றவர். ஏப்ரலில் அவரை நிற்பாட்டிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இந்தியாவிலிருந்து வேலை அனுமதி இல்லாத இரண்டு பேரை எடுத்துவிட்டார் முதலாளி. அன்றிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டக்ளஸ் வேலை செய்வதை நான் அவரிடம் சொல்லவில்லை. கோத்தகிரியிலிருந்து அவருடைய தம்பி பணம் அனுப்புகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டக்ளசும் வெட்டுகிறவர்தான் என்று தெரிந்தால்?

செப்டெம்பர் 14, ஞாயிறு

முதலாம் ஓலை.

என் பெயர், காலஞ்சென்ற அப்பா அம்மாவின் பெயர், மஹய்யாவ. பிறகு அவருடைய பெயர். "இந்தியா, கோத்தகிரிப் பங்கைச் சேர்ந்த" என்று ஃபாதர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஒலிபெருக்கி வேறு. முன் வாங்கில் இரண்டு தலை திரும்பியது. "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." நான் அடித்த துண்டுப்பிரசுரம்தான் ஞாபகம் வந்தது. 

பூசை முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார், "மாப்பிள்ளை இந்தியாவா? இங்க என்ன பண்றாரு?" ஆளைப் பார்த்தால் கெட்டவர் இல்லை. இருந்தும் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஃபாதரின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். பத்து நிமிடம்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

ஃபாதரிடம் என்ன பேசினார் என்று கேட்கத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி எதையோ விசாரிக்க, அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பினேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

சபையில் விவாதம். குறிப்பெடுக்க என்னையும் உட்கார்த்தி வைத்தார்கள். வீரசிங்கம் நன்றாகவே பேசினார், சும்மா சொல்லக்கூடாது. "எங்க புள்ளைங்க தொழில் கத்துக்கிட்டு வீட்டுல குந்திக்கிட்டு இருக்குதுங்க. கடைக்காரர் குறைஞ்ச கூலிக்கு வெளியாள எடுக்குறாரு. இதக் கேட்டா தப்பா?" அண்ணன் ஏப்ரலிலிருந்து வீட்டில் இருப்பதைப் பார்க்கிறவள் நான். தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

நதீஷா என்ற இளம் உறுப்பினர் எழும்பினார். "எங்க தாத்தாமாரை இதே டவுன்ல கள்ளத்தோணின்னு கூப்பிட்டாங்க. இப்ப நாம யாரக் கூப்பிடப் போறோம்?"  உடனே எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். வாக்கெடுப்பு அடுத்த மாதம்.

போகும்போது வீரசிங்கம் என் மேசைப் பக்கம் வந்தார். "தங்கச்சி, துண்டுப்பிரசுரம் நல்லா வந்திருக்கு. போன் மேல போன் வருதாம்."

போன் மேல போன்!

செப்டெம்பர் 21, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை தலை திரும்பியதா என்று பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மறுபடியும் ஃபாதரின் அறைக்குப் போனார். இன்று கையில் ஒரு கடித உறை.

டக்ளஸ் வேலை செய்வது தெரிந்து, தடை எழுதிக் கொடுத்துவிட்டார். வேறென்ன இருக்கும்? என் கூடப் பிறந்தவர். அப்பா செத்த அன்று என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றவர். அவரைப் பற்றி இப்படி எழுதுகிறேனே, எனக்கு என்ன ஆகிவிட்டது? ஆனாலும் வேறென்ன இருக்கும்? வேலை போனால் மனிதர் மாறிவிடுவார்கள். முதலில் ஃபாதருக்கு எழுதுவார். அது சரிவராவிட்டால் அந்த இலக்கத்துக்கு.

செப்டெம்பர் 22, திங்கள்

சாப்பிட முடியவில்லை. வீதியில் வெள்ளை வேன் ஒன்று நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். அது பேக்கரிப் பாண் விற்கிற வேன்.

ஒரு யோசனை. எழுதவே கை வரமாட்டேன் என்கிறது.

அந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால், தீபாவளிக்கு முன் அழகையா முதலாளி அண்ணனைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். வேலை கிடைத்துவிட்டால் அண்ணனுக்கு டக்ளஸ் மேல் என்ன கோபம்?

இல்லை. சீ. என்ன பெண் நான்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மார்க்கெட் பக்கம் போட்டோகொப்பி எடுக்கிற கடையின் தொலைபேசியிலிருந்து அந்த இலக்கத்துக்கு. சிங்களத்தில் பேசினேன். மறுபக்கம் ஒரு ஆண் குரல், மிக மரியாதையாக. கடை எது, எத்தனை பேர், எத்தனை மணிக்கு இருப்பார்கள். எல்லாம் சொன்னேன். என் பெயரைக் கேட்கவில்லை. நானே எழுதியதுதானே, சொல்லத் தேவையில்லை என்று. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அவர்களில் ஒருவரை ஒரு தரம் பார்த்திருக்கிறேன். அழகையா கடையின் பின் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கினார். இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் செய்தி. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து டவுன் தையல் கடைகளில் ஏறி இறங்குகிறார்களாம். ஒரு கடைதானே சொன்னேன்? ஒரே ஒரு கடை! "கெலிஓயா பக்கமும் போறாங்களாம்" என்று யாரோ சொன்னார்கள். டக்ளசுக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். பதினேழு தரம். இல்ஹாம் நானாவின் போனும் பிஸி. மாதாவே, மாதாவே என்று கழிவறைக்குள் நின்று சொன்னேன். நான் கூப்பிட்டு வரவழைத்த ஆட்கள். நானே என் வாயால்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று. வேறு யாரிடம் போவது?

குசினிக்குள் கதிரையில் டக்ளஸ் உட்கார்ந்திருந்தார். எதிரே அண்ணன். இரண்டு பேர் கையிலும் பிளேன்டீ.

 அனற் அண்ணி என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏன் தங்கச்சி இப்படி வேர்த்திருக்கு? ஒங்காளு பத்திரமாத்தான் இருக்காரு" என்றார் அண்ணன். காலையில் டவுனில் நின்றிருக்கிறார். அதிகாரிகள் வந்ததைக் கண்டதும் பஸ் ஏறிக் கெலிஓயாவுக்குப் போய் டக்ளசைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். அவசரத்தில் டக்ளஸின் போன் கடையிலேயே கிடந்துவிட்டது. அவர்கள் கிளம்பிக் கால் மணி நேரத்தில் அதிகாரிகள் இல்ஹாம் நானாவின் கடைக்குள் வந்தார்களாம்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மொதநாள் கை குடுக்கும்போதே தெரியும், கடைய அப்புறம் விசாரிச்சுக்கிட்டேன். கத்திரிக்கோல் புடிக்கிறவன் பெருவிரல் காய்ச்சிருக்கும். என் கையும் அப்படித்தானே இருக்கு." விரலை நீட்டிக் காட்டினார். டக்ளசும் சிரித்துக்கொண்டே நீட்டினார். இரண்டு விரலிலும் ஒரே இடத்தில் ஒரே காய்ப்பு.

"அப்ப அந்த மனு?"

"ஆள நிற்பாட்டின மொதலாளியக் கேக்கச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். வயித்துப் பொழப்புக்கு வந்தவனப் புடிச்சுக் குடுக்கவா வாங்கினேன்?"

ஃபாதரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அண்ணியே சொன்னார். மாப்பிள்ளைக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. அதனால், மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியாகத் தான் நிற்கலாமா என்று அண்ணன் ஃபாதரிடம் கேட்டிருக்கிறார். உறையில் இருந்தது அண்ணனுடைய ஞானஸ்நானச் சான்றிதழ்.

பிறகு அண்ணன் சொன்னார், "அழகையா கடையில ரெண்டு பேரையும் வேன்ல ஏத்திட்டாங்க. ஒருத்தன் மூக்குக்கண்ணாடிய மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டான். எந்த நாய் போன் பண்ணுச்சோ."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

செப்டெம்பர் 27, சனி

அழகையா முதலாளி ஆள் அனுப்பினார். அண்ணன் வேலைக்குப் போனார். நான் நினைத்தது அச்சொட்டாக நடக்கிறது.

பின்னேரம் வந்தவர் சந்தோஷமாக இல்லை. வெட்டும் மேசையில் பாதி வெட்டிய துணி அப்படியே கிடந்ததாம். சோக்குக் கோடு பிடிபட்டவனுடையது. "நல்ல கை தங்கச்சி. கோணாத கோடு. அதுலயே வெட்டி முடிச்சேன்." கண்ணாடியை ஒரு துணியில் சுற்றி மேசை லாச்சியில் வைத்திருக்கிறாராம். யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்.

என்னை!

செப்டெம்பர் 28, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்.

ஒருவரும் அறிவிக்கவில்லை.

ஒக்டோபர் 3, வெள்ளி

கல்யாணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம். பொய் சொன்னது, அண்ணனைச் சந்தேகப்பட்டது, அண்ணி மேல் எரிந்து விழுந்தது எல்லாம் சொன்னேன். "வேற ஏதும் இருக்கா மகள்?" என்றார் ஃபாதர். இல்லை ஃபாதர்.

சொல்லாமல் நாளைக்கு நற்கருணை வாங்கினால் அது இன்னொரு பாவம். தெரியும். டக்ளசிடம் சொல்லலாமா? நேற்று அவர் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இரண்டு சேர்ட்டும் சவர்க்காரமும் கொடுத்தனுப்பினார், அங்கே தடுப்பில் இருக்கிற அந்த இரண்டு பேருக்கும். பெயர்கூட இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டார். எனக்குச் சொல்ல வந்தார். சொல்ல வேண்டாம் என்றேன்.

பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் போய்விட்டது. இந்தப் பயத்துக்கு என்ன பெயர்?

ஒக்டோபர் 4, சனி

கல்யாணம் முடிந்தது. அண்ணன் வெட்டித் தைத்த கோட் அவருக்கு அளவாக இருந்தது.

ஒக்டோபர் 31, வெள்ளி

விசாவுக்கு எழுதியாயிற்று. பதில் வரும் வரை டக்ளஸ் வீட்டில்தான். சமைக்கிறார், என்னைவிட நன்றாக.

பிரேரணை நிறைவேறிவிட்டது. கூட்ட அறிக்கை இன்று என் மேசைக்கு வந்தது. வழக்கமான விஷயங்கள்: வடிகான், குப்பை, தெருவிளக்கு. ஏழாம் பந்தியில் ஒரு வரி. தையல் கடை ஒன்றில் இருவர் கண்டுபிடிக்கப்பட்டு நாட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அதற்குத் தகவல் தந்தவருக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது. சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் எழுதினேன்: "பொறுப்புள்ள பிரஜை ஒருவருக்கு."

அப்பாவின் பிரஜாவுரிமைத் தாள் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையில். நான் பிறந்த வருடம்தான் கிடைத்தது, அதுவரை அவருக்கு எந்த நாடும் இல்லை. எங்கள் வீட்டில் பிரஜை என்ற சொல் அந்த ஒரு தாளில்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார். கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட விடுவார்.

இரண்டு தரம் சரிபார்த்தேன். பிழை இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், மொழிபெயர்த்தவர் தன் பெயரைப் போட வேண்டும். அது சபையின் விதி.

போட்டேன்.