அரைப்பு மகமை

ஜூலை 1, செவ்வாய்

வண்டி வரவில்லை.

பத்து மணியிலிருந்து மில் வாசலில் பதினேழு பொம்பளைகள். காற்று கரிசல் மண்ணை வாரி வாரி முகத்தில் அடிக்கிறது, ஒருத்தியும் நகரவில்லை. ஆறு பேர் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். ஒரு மணிக்கு நர்ஸ் ஷைலாவுக்கு நானே போன் போட்டேன்.

"யக்கா, வண்டியை நிறுத்தச் சொல்லிட்டாவ. கொடையாளர் கூட்டத்துல முடிவாம். எனக்கே காலையிலதான் தெரியும். ராதாமணி அக்கா ரிப்போர்ட் வந்திருக்கு, நேர்ல கூட்டிட்டு வாங்க."

கொடையாளரா? நாங்கள்தானே கொடையாளர்! எங்களுக்குத் தெரியாமல் எந்தக் கூட்டம்?

இரண்டு வருஷமாக என் மாவு மில்லுக்கு வருகிற ஒவ்வொருத்தியும் அரைப்புக் கூலிக்கு மேல் தூக்குவாளியில் காசு போடுகிறாள். பஜாரில் ஆம்பளைகள் யாவாரத்தில் மகமை என்று ஒரு பங்கு எடுத்துப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதுபோல, இது அரைப்பு மகமை. சுத்துப்பட்டில் இன்னும் நாலு மில்லில் வாளி தொங்குகிறது. டவுன் அறக்கட்டளை ஆஸ்பத்திரி வண்டியும் டாக்டரும் தருகிறது. டீசலும் ஷைலா சம்பளமும் எங்களுடையது. செவ்வாய்தோறும் திரை போட்ட அந்த வண்டிக்குள் ஷைலா மார்பையும் கர்ப்பப்பையையும் பரிசோதிப்பாள். எங்க அக்கா மார்புக் கட்டியை மூன்று வருஷம் முந்தானைக்குள் மறைத்து வைத்துச் செத்தாள். அதற்குப் பிறகுதான் இதை ஆரம்பித்தேன்.

"நீ எப்ப வண்டியில ஏறப்போற?" என்று வாளிக் கணக்கு எழுதுகிற இஞ்ஞாசியம்மாள் இன்றும் கேட்டாள். மில்லை யார் பார்க்கிறது? அடுத்த செவ்வாய் என்றேன். இப்போது வண்டியே இல்லை.

ஜூலை 2

மிளகாய் இருபது கிலோ அரைத்தேன். மிளகாய் நெடியைவிட என் வயிற்றெரிச்சல் பெரிசாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

ராதாமணியையும் இஞ்ஞாசியம்மாளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். ராதாமணி என் பக்கத்து வீடு. நானும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தோம். போன வாரம் ஷைலா அவளை வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். ரிப்போர்ட் கவரில் 27ஆம் தேதி போட்டிருக்கிறது. ஒரு வாரம் மேஜையில் கிடந்திருக்கிறது, கொண்டுவர வண்டி இல்லாமல்.

புற்றுதான். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், திருநெல்வேலிக்குப் போய் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ராதாமணி அழவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொர்ணம், நாகலாபுரத்துக்காரவிய ஆவணியில வாராவ, மூத்தவளுக்குப் பரிசம் போட. தாய்க்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா பொண்ணெடுப்பாவளா? எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லாத. நானா சொல்லுதேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

பிறகு மேலாளர் அறை. அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார். போன ஞாயிறு கொடையாளர் கூட்டம் நடந்ததாம். வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நுழைவு வளைவு கட்டத் தீர்மானமாம். கொடுத்தவர் பெயரையெல்லாம் கல்லில் வெட்டுவார்களாம். "யாருய்யா கொடுத்தவரு?" என்றேன். பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

பட்டியலில் பாதிக்கு மேல் எங்கள் ஊர், அறுபத்து மூன்று பெயர். அறுபத்து மூன்றும் ஆம்பளைப் பெயர்!

தப்பு யாருடையது? என்னுடையது. எங்களிடம் ரசீதுப் புத்தகம் இல்லையென்று, ஊர் மகமைத் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சியிடம் பழைய புத்தகம் வாங்கினேன். அதில் 'தலைக்கட்டு பெயர்' என்று ஒரு கட்டம். வீட்டுத் தலைவன் பெயரில்தானே எதையும் எழுதிப் பழக்கம்? இஞ்ஞாசியம்மாள் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. காசு போட்டவளும் புருஷன் பெயரைத்தான் சொன்னாள். ஒருத்திகூட 'எம் பேரை எழுது' என்று சொல்லவில்லை. என் வீட்டில் தலைக்கட்டு செத்து எட்டு வருஷம். அதனால் என் ரசீதில் எல்லாம் என் மகன் பெயர், செண்பகராஜ்.

கூட்டக் கடிதம் ஆம்பளைகளுக்குப் போயிருக்கிறது. அறுபத்து மூவரும் போயிருக்கிறார்கள். கோயிலில் அறுபத்து மூவர் என்றால் நாயன்மார். எங்கள் ஊர் அறுபத்து மூவர் பிரியாணி தின்றுவிட்டுக் கை தூக்கிய மூர்த்திகள். ராதாமணி புருஷன் தவசியின் கையெழுத்தும் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செண்பகராஜ் கையெழுத்தும் இருந்தது.

ஜூலை 5

கூட்டம் நடந்த அந்த ஞாயிறு என் மகன் சேக்காளி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனான். சட்டையில் பிரியாணி வாசம். நானும் விசேஷம் என்றே நம்பினேன்.

"ஏலே, எதுக்குடா கை தூக்கின?"

"எல்லாரும் தூக்கினாவம்மா. நா மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? ஊர் பேரு வரும்னு அண்ணாச்சி சொன்னாவ."

"அது யாரு போட்ட காசுன்னு உனக்குத் தெரியாதா?"

"நம்ம வீட்டுக் காசுதானம்மா."

நம்ம வீட்டுக் காசு! மில் சத்தத்தில் என் காது பாதி போச்சே, அது யார் காது? பெரியம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். "அதெல்லாம் பொம்பளை சமாச்சாரம், எங்கிட்ட யாரு சொன்னா?" என்கிறான். அதுவும் உண்மைதான். நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இரவுச் சாப்பாடு போடவில்லை. அவனே போட்டுத் தின்றான்.

ஜூலை 13, ஞாயிறு

ஐயோ, என் வாயில் மண்ணைப் போட.

காளியம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி போட ஊர்க்கூட்டம். கூப்பிடாமலே போனேன். இஞ்ஞாசியம்மாள் கூட வந்தாள். பின்னால் இருபது பேர் நின்றார்கள், ராதாமணியும்.

செல்லத்துரை அண்ணாச்சி தேனாகப் பேசினார். "தாயி, வண்டி இன்னைக்கு வரும், நாளைக்கு நிக்கும். கல்லுல வெட்டுன பேரு அழியாதுல்லா? ஊருக்கு எம்புட்டுப் பெருமை."

"எங்க காசு அண்ணாச்சி."

"ரசீது எங்க பேருல இருக்கே தாயி."

ஆம்பளைகள் சிரித்தார்கள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். தவசி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான், "ரெண்டு வருசமா வருதே, அந்த வண்டி அப்படி என்னத்தக் கண்டுபிடிச்சிச்சு?"

"உம் பொண்டாட்டி மாருல இருக்க கட்டியக் கண்டுபிடிச்சுதுடே!"

சொல்லிவிட்டேன். மொத்த ஊர் முன்னால். சத்தியம் செய்து ஒன்பது நாள்தான் ஆகிறது. திரும்பிப் பார்த்தேன், ராதாமணி நின்ற இடம் காலியாக இருந்தது.

ஜூலை 14

ராதாமணி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தே சொன்னாள், "உன் வாயி என்னைக்காவது உன்னைக் கொல்லும்னு நெனச்சேன். என்னையக் கொன்னுட்ட."



ஜூலை 22, செவ்வாய்

இன்றும் வண்டி இல்லை. தப்பைச் செய்தது நான், அதற்காகப் பேசாமல் இருந்துவிடவா? அவள் சிநேகத்தைப் பறிகொடுத்ததற்காவது வண்டி வர வேண்டாமா? இப்படி நினைப்பதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன்.

ஜூலை 28, திங்கள்

மில்லைப் பூட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் செவ்வாய் அம்மன் கொடை. வீட்டுக்கு வீடு மாவிளக்குக்குப் பச்சரிசி மாவு வேண்டும். பசுவந்தனையில் மில் இருக்கிறதே என்றான் ஒருத்தன். இருக்கட்டும். அரிசியை ஊறப்போட்டு, உலர்த்தி, தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அரைத்து, சலித்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து, விளக்குப் பிடிக்கிறது யார்? அறுபத்து மூன்று வீட்டுப் பொம்பளைகளும் கையை மடக்கிக்கொண்டார்கள். "மாவிளக்கு எனக்கில்ல, நான் மாதா கோயிலு. ஆனாலும் கேப்பை அரைக்க வரமாட்டேன்" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

அம்மன் கோபிக்காதா என்று ஒரு கிழவர் கேட்டார். அவளும் பொம்பளைதானே, வண்டிக்காக அவளும் காத்திருப்பாள் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

செல்லத்துரை அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை பேச்சில் தேன் இல்லை.

"சாமி காரியத்துல விளையாடுத. நல்லதுக்கில்ல."

"நா எங்க விளையாடுதேன்? மில்லு என் மில்லு. பூட்டியிருக்கேன்."

"எங்க வீட்டுலயே அரிசிய நனைய வைக்க மாட்டேங்கா. சொல்லு, என்ன வேணும்?"

"இந்த ஆஸ்பத்திரிக் காசு என்னுதில்ல, என் பொண்டாட்டி கொடுத்ததுன்னு ஒவ்வொருத்தரும் அவ பேரை எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை ஆஸ்பத்திரியில கொண்டு குடுக்கணும். நீங்களே குடுக்கணும்."

"பொண்டாட்டி பேர எழுதிக் குடுக்கணுமா!"

"கல்லுல வெட்டச் சொல்லல அண்ணாச்சி. பேப்பர்லதான்."

விறுவிறுவென்று வெளியே போனார். பைக்கை ஸ்டார்ட் பண்ண நாலு உதை தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 2, சனி

முதலில் வந்தது தவசி.

என் முகத்தைப் பார்க்கவில்லை. ராதாமணி என்று எழுதினான், கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்துவிட்டு, "திருநவேலிக்கு எப்பம் கூட்டிட்டுப் போவணும்னு டாக்டரம்மா சொன்னாவ?" என்று கேட்டான். சொன்னேன். "அவ எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்றான். அழுகிறானோ என்று நான்தான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒருத்தர், கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம், ரேஷன் கார்டில் பெண்டாட்டி முழுப்பெயர் என்ன என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவள் போனிலேயே அவரை ஏசினது மில் முழுக்கக் கேட்டது. செல்லத்துரை அண்ணாச்சி கடைசியில். செண்பகராஜ் அவருக்கும் கடைசியில். என் பெயரை எழுதிவிட்டு, "பெரியம்மாவுக்கு என்ன நோவும்மா?" என்று கேட்டான். உட்கார வைத்துச் சொன்னேன். காய்ச்சல் என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மில்லைத் திறந்தேன். விடிய விடியப் பச்சரிசி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அண்ணாச்சியே அந்தப் பேப்பரையெல்லாம் ஆஸ்பத்திரியில் கொண்டு கொடுத்தார், வண்டி வந்தது. இருபத்தெட்டு பேர். வளைவுக்கு அளந்து நட்ட குச்சியை ஆஸ்பத்திரி வாசலில் பிடுங்கிப் போட்டுவிட்டதாக ஷைலா சொன்னாள். ராதாமணி வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

ஆகஸ்ட் 21

திருநெல்வேலியில் ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாம். இஞ்ஞாசியம்மாள்தான் சொன்னாள், தவசி அவளுக்குத்தான் போன் பண்ணினான். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

செப்டம்பர் 4

நாகலாபுரத்துக்காரர்கள் வரமாட்டார்களாம். ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஆனியில் பொருந்திய ஜாதகம் ஆவணியில் எப்படியடா கெட்டுப்போகும்? அவர்களை ஏசி என்ன? நான் திறந்த வாய்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வண்டி ஒன்பதரைக்கே வந்துவிட்டது. நான் மல்லி அரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் ராதாமணி. மெலிந்திருந்தாள், ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையை மடக்கி வைத்திருந்தாள், சேலைக்கு மேல் துண்டு போர்த்தியிருந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு என் வாசலில் நிற்கிறாள். மெஷினை நிறுத்தினேன்.

"ஊரையெல்லாம் ஏத்திவிட்டியே, நீ என்னைக்கு ஏறப்போற?"

"மில்ல யாரு..."

"நா பாத்துக்கிடுதேன். போ."

"அடுத்த..."

"ஏட்டி, போன்னா போ. உனக்குப் பயம். எனக்குத் தெரியும், உங்க அக்கா செத்ததுலேருந்து தெரியும்."

இரண்டு வருஷமாக ஒருத்தரும் என்னிடம் சொல்லாதது. தலையில் மாவோடு போய் வண்டியில் ஏறினேன். ஷைலா பெயர் கேட்டாள், சொர்ணத்தாய் என்றேன். திரைக்குள்ளே போய் ஜாக்கெட் கொக்கியை அவிழ்த்தேன். "மூச்ச விடுங்கக்கா, பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றாள். இடது பக்கம் ஓர் இடத்தில் அவள் கை நின்றது, மறுபடி தடவிப் பார்த்தது. டாக்டரம்மா ஒரு தடவை பார்க்கட்டும், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்றாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.

இறங்கி வந்தால் மில்லில் பெரிய சத்தம். ராதாமணி யாரோ ஒருத்தியின் பச்சரிசியை மிளகாய் மெஷினில் கொட்டி அரைத்துவிட்டாள். சிவப்பு மாவு, அரிசிக்காரி குய்யோ முறையோ என்று கத்துகிறாள். "உனக்குக் கண்ணு தெரியலையாட்டி?" என்று நானும் கத்தினேன். "ஒத்தக் கைக்காரிகிட்ட விட்டுட்டுப் போனவ நீதான, நீ வாங்கிக் குடு!" என்று அவளும் கத்தினாள். அரிசிக்காரி வீட்டுக்குப் போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை ராதாமணியும் என்கூட வருகிறாள்.