ஒன்றுமே செய்வதில்லை என்றாயே

அடுப்பில் வெண்டைக்காய் வேகிறது. குழம்புக்கு அல்ல, தலைக்கு. அந்தப் பச்சை வாடை வீடு முழுக்க நிற்கிறது. உன் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே வாடையை முகர்ந்திருக்கிறேன். கேட்டால், "காரக்கொழம்புக்குத்தாண்டி" என்பாய். மத்தியானம் உன் வீட்டிலேயே சாப்பிடுவேன். தட்டில் ஒருநாளும் அந்த வெண்டைக்காய் விழுந்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நம் இருவருக்கும் ஒரே முடிதான். சுருட்டையும் இல்லை, நேராகவும் இல்லை, காய்ந்ததும் கிளம்பி நிற்கிற முடி. சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் நம்மைச் சேர்த்தேதான் பரட்டை என்று கூப்பிட்டார்கள். பிறகு செஞ்சிக் கடைத்தெருவில் ஒரே ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனோம். அதன் பிறகு உன் முடி மட்டும் அடங்கிவிட்டது. தலைக்குக் குளித்த நாளில் நுனி முடிச்சோடு நீ வந்தால், முதுகில் சுருள் சுருளாக விழுந்து கிடக்கும். முதலாளி உன்னைப் புடவைப் பக்கம் முன்னால் நிறுத்தினார். என்னைப் பின்னால், துண்டும் லுங்கியும் அடுக்கியிருக்கிற இடத்தில் போட்டார்.

பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். "இன்னாடி பண்ற? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமே பண்றதில்லடி. நல்லா தொவட்டிட்டு வெயில்ல நிக்கறேன், அவ்ளோதான். நீ மொத்தமான துண்டா பாத்து எடு. ஈரம் சீக்கிரம் போவும்."

துண்டு விற்கிறவளுக்குத் துண்டுக்கா பஞ்சம்? இருப்பதிலேயே முரட்டுத் துண்டாகப் பார்த்து எடுத்துப் போனேன். தலையைத் தேய் தேய் என்று தேய்த்து, வெயிலில் நின்று, காய்ந்ததும் சீப்பைப் போட்டு இழுத்தேன். வைக்கோல்போர் மாதிரி நின்றது. மறுநாள் என்னைப் பார்த்து நீ சிரித்தாய். "சாமி உனுக்கு குடுத்தது அது, எனுக்கு குடுத்தது இது. டென்ஷன் ஆவாத" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் கல்யாணம் நிச்சயமானபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நினைவிருக்கிறதா? "ஏதாவது இருந்தா சொல்லுடி, மணவறையில இப்படியா போய் உக்கார்றது?" அப்போதும் ஒன்றுமில்லை என்றாய். பியூட்டி பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டேன். என்ன மருந்தோ, என்ன சூடோ, முன்நெற்றியில் கொத்துக் கொத்தாக உடைந்து கையோடு வந்தது. சவுரி வைத்துப் பின்னித்தான் மணவறையில் உட்கார்ந்தேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், எரிகிற என் மண்டையில் தேங்காயெண்ணெய் வைத்துத் தடவிக்கொண்டே அழுதாய். உன் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. கூடப் பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாசம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவேயில்லை. உன்னைத் தூக்கிப்போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். பின்கட்டில் நின்று நான் துண்டால் தலையைத் தேய்க்கும்போது உன் மகள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் உன் வீட்டுக்காரருடைய பழைய வேட்டித் துண்டு.

"துண்டால தேய்க்காதீங்க பெரிம்மா. தேய்ச்சா கெளம்பிக்கும். அம்மா எப்பவும் இதுலதான் ஒத்தி எடுப்பாங்க."

"ஒத்தி எடுத்துட்டு?" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"ஈரத்துலயே வெண்டக்காத் தண்ணியத் தடவி, கையால கசக்கி விடுவாங்க. காயற வரைக்கும் தொட மாட்டாங்க, சீப்பு போட மாட்டாங்க. காஞ்சப்பறம் ஒரு சொட்டு எண்ணெய உள்ளங்கையில தேய்ச்சு லேசா அமுக்குவாங்க. பிரிட்ஜ்ல இன்னும் ஒரு பாட்டில் இருக்குது பெரிம்மா, அம்மா கடைசியா வேக வச்சது." வேட்டித் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்காதாமே. எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டா, அதான் முடி இப்படிப் போச்சுன்னு அம்மா சொல்லுவாங்க."

அடிப்பாவி. நீ சொல்லாமல் விட்டதைக்கூட மன்னித்திருப்பேன். நான் கேட்கவில்லை என்று உன் பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறாயே! அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்து, அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாயைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். உனக்காக அந்தப் பழியையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

கூட இருந்தே குழி பறித்தவள் நீ. ஒருநாள் கடை வாசலில் விளையாட்டாகச் சொன்னாய்: "நீ பக்கத்துல நின்னாத்தாண்டி நான் எடுப்பாத் தெரியறேன்." அதை விளையாட்டு என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மண்டையில் எண்ணெய் தடவியபோது எதற்கு அழுதாய், எனக்காகவா, பயத்திலா? கேட்கலாம் என்றால் நீ இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

உன் மகள் தந்த வேட்டித் துண்டும் பாட்டிலும் இங்கேதான் இருக்கின்றன. பாட்டில் காலியாகிவிட்டது, இப்போது நானே வேக வைக்கிறேன். முடி சொன்ன பேச்சைக் கேட்கிறது. கண்ணாடியில் சுருள் சுருளாகப் பார்க்கும்போது சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

போன வாரம் சிங்கவரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு நம் முடி. என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தவள், "இன்னாக்கா பண்றீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லையே என்று உன் பதில்தான் முதலில் என் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டித் துணி, வெண்டைக்காய், சீப்பு போடாதது, கடைசியில் அந்த ஒரு சொட்டு எண்ணெய். முன் சீட்டுக்காரிகளும் திரும்பிக் கேட்டார்கள். உன்மேல் உள்ள கோபத்தில் குரலை உயர்த்தியே சொன்னேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டேன். அவ்வளவு சின்ன விஷயம் அது. அதே பஸ்ஸில், அதே சீட்டில், நீயும் நானும் எத்தனை வருஷம் போனோம்.